மூன்றாம் தடவை பிசகவில்லை

இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்து, ஊர்ச் சண்டையைப் பேசியே தீர்த்துவிடலாம் என்று நம்பிய ஆள் நான். நல்லிணக்கம் பற்றி அலமாரி நிறையப் புத்தகமும் இருந்தது. முகாமில் மத்தியானம் போட்ட பிரியாணிக்கும் அந்த நம்பிக்கையில் பங்குண்டு.

தொண்ணூறுகளின் கடைசி. வடமதுரைப் பக்கம் எங்கள் ஊர். மாதா திருவிழாச் சப்பரம் அம்மன் கோவில் தெரு வழியாகப் போகலாமா கூடாதா என்று தகராறு. நாங்கள் மாதா கோவில்காரர்கள். அம்மன் கோவில் தெருவில் என்னோடு படித்த சம்பங்கித் தோட்டக்காரன் இருந்தான். பேச வரச் சொன்னேன்.

"ஏலே, நீ இருக்கேன்னுதான் வாரேன். பேசுனது வெளிய போச்சுன்னா, எங்க தெருவுல நான் தலைகாட்ட ஏலாது."

போகாது என்று வாக்குக் கொடுத்தேன்.

முகாமில் சொல்லித்தந்த முறை எளிது. ஒருவர் சொன்னதை எதிராளி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதான்" என்று ஒப்புகிறவரை பதில் பேசக்கூடாது.

பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தோம். நண்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சப்பரம் வாரதுல எனக்கு ஒண்ணுமில்ல. எங்காத்தாவே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனவதான். ஒரு வருசம் விட்டா, அதையே வழக்கம்னு சொல்லுவீகளேன்னுதான் பயம்."

எங்கள் தரப்பில் என் சித்தப்பா திருப்பிச் சொன்னார். முதல் தடவை மெழுகுவத்தியை விட்டுவிட்டார். இரண்டாம் தடவை பயத்தை விட்டுவிட்டார். "முழுசாச் சொல்லுங்க சித்தப்பா" என்றேன். மூன்றாம் தடவை ஒரு சொல் பிசகவில்லை. நண்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முகாம் நடத்தியவருக்குக் கடிதம் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. தாசில்தார் முன்னால் சித்தப்பா எழுந்து, நண்பனைக் கைகாட்டி, "சப்பரம் வாரதுல ஒண்ணுமில்லன்னு இவுகளே சொல்லிட்டாகய்யா" என்று தொடங்கி மெழுகுவத்தி வரைக்கும் ஒப்பித்தார். அதோடு உட்கார்ந்துவிட்டார். தெருக்காரர்கள் மொத்தமாக நண்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து மீதியைச் சொல்லியிருக்கலாம். குறுக்கே பேசக்கூடாது என்பது முகாமின் விதி; அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் சித்தப்பாவிடம் சண்டைக்குப் போனேன். "நீதானப்பா மனப்பாடம் ஆகுறமட்டும் சொல்ல வச்ச" என்றார்.

சப்பரம் போனது. அந்த வருசம் நண்பன் வீட்டு முளைப்பாரியைத் தெருக்காரர்கள் அம்மன் கோவிலில் சேர்க்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து டீக்கடையில் அவனைப் பிடித்தேன். "நான் ஒன்னைய ஏமாத்தலடா. என்னையவும் சேத்துத்தான் ஏமாத்திப்புட்டாக."

அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"நீ ஏமாத்துனேன்னு எவன் சொன்னான்? அதுக்கெல்லாம் கொஞ்சமாச்சும் வெவரம் வேணும்லப்பு."