டோர்க்கிலின் முன்வரிசை

டோர்க்கில் மெக்ஃபிக்குச் சில வாரங்களாகவே மூக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. அவன் தீவுக்குக் கப்பலில் ஆட வந்து இறங்குகிற ஒவ்வொரு ரக்பி அணியும் நடுவரிடம் ஒரே பாட்டைப் பாடியது: முன்வரிசையில் முட்டப் பழகிய ஆள் இல்லை. இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தலை குனிந்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில் பழகாதவனை விட்டால் கழுத்து முறியும் என்பதால், அப்போது இரு பக்கமும் சும்மா தோள் கோர்த்து நிற்க வேண்டும் என்பதே ரக்பி சட்டம். அதெப்படி, வரிசையாக எல்லா அணிக்குமா ஆள் பஞ்சம்?

தீவில் நண்டு பிடித்துப் பிழைக்கிறவன் டோர்க்கில். ஓட வராது, பந்து கையில் நிற்காது. முட்டுவான். வேறெந்தப் பெருமையும் அவனுக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் ஐம்பதைத் தாண்டியும் முன்வரிசைக்காரனின் முதல் எண் சட்டையை எவனுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கழுத்து வலித்துக் கை மரத்துப்போவதை அவன் அணியில் யாரிடமும் சொல்வதும் இல்லை.

"என்னை ஓரங்கட்டப் பாக்குறானுங்க. எல்லாம் எங்க கேப்டன் லாக்லன் வேலை" என்று வீட்டில் பொருமினான்.

"ஆமா, உலகமே உன்னைப் பத்தித்தான் யோசிக்குது. கஞ்சியக் குடி" என்றாள் மனைவி பெய்கி. ஆனால் அவன் உள்ளே வந்ததும் போனைச் சட்டென்று வைத்தாளே, அது ஏன்?

சனிக்கிழமை துறைமுகத்தில் காவல் நின்றான். காளைக் கழுத்தும், முட்டி முட்டி நசுங்கிய காதுமாக ஒருவன் இறங்கினான். பெயர் டூகல்.

"நீ எங்கடா ஆடுவே?"

"ஓரத்துல ஓடுறவன்ணே."

"நீயா? படி இறங்கவே மூச்சு வாங்குது!"

டூகல் நெளிந்தான். "விட்டுடுங்கண்ணே. உங்க வீட்டு அக்கா எல்லா கிளப்புக்கும் போன் போட்டு அழுதாங்க."

மைதானத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்த பெய்கியிடம் பாய்ந்தான். "ஊரெல்லாம் சொல்லி மானத்த வாங்கிட்டியேடி!"

"இன்னொரு முட்டு முட்டினா கை கால் விழுந்துடும்னு டாக்டர் சொன்னாரே, கேட்டியா? அப்புறம் கரண்டில ஊட்டப் போறவ நான்தானே?"

அவன் கேட்கவில்லை. நடுவரிடம் போய், டூகல் முன்வரிசைக்காரன்தான் என்று போட்டுக்கொடுத்தான். அன்று நிஜ ஸ்க்ரம்.

தலையைக் குனிந்து வெறியோடு முட்டினான். எதிரணி அப்படியே பின்னால் போனது. கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் எதிரே யாரும் முட்டவே இல்லை. டூகலின் முரட்டுக் கை அவன் தோளைக் கீழே சாயவிடாமல் தாங்கியிருந்தது. "மெதுவாண்ணே" என்று காதருகே கேட்டது.

இப்படியொரு அவமானத்தை டோர்க்கில் பட்டதில்லை. இவ்வளவு அன்பையும் பார்த்ததில்லை. நிமிர்ந்து, அப்போது கொட்டத் தொடங்கிய ஆலங்கட்டி மழையில் சட்டையைக் கழற்றி லாக்லனிடம் எறிந்தான்.

"முட்டப் பழகின சின்னப் பயல் எவனையாவது போடு." டூகலைப் பார்த்து, "இனிமே முட்டுடா, நாயே!" என்றான்.

பெய்கி கோட்டைப் போர்த்தி டீயை நீட்டினாள். அவன் கோப்பையை முகர்ந்து பார்த்தான்.

"இதுல என்னடி கலந்திருக்கே?"

"சர்க்கரை."

அடுத்த ஸ்க்ரம்மில் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் எலும்பு அதிர மோதினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டோர்க்கில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் தோளில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதான்.