நாலு வீதி, ஒரே சுற்று

எங்கள் கடலூர் வீட்டுச் செருப்பு அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ இருக்கிறது. எனக்கும் சேராது, என் மனைவிக்கும் சேராது. வலது ஷூ கட்டைவிரல் பக்கம் கிழிந்து, நீல நூலால் தைத்திருக்கும். தூக்கிப் போடச் சொல்லி வருஷத்துக்கு நாலு சண்டையாவது வரும். போட மாட்டேன். அது என் அண்ணியின் ஷூ.

அண்ணன் இறந்தபோது அண்ணிக்கு முப்பத்தெட்டு வயது. வாரிசு அடிப்படையில் சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. எட்டாவதோடு நின்ற படிப்பு. பத்தாவது தேறினால் பதிவறை எழுத்தர் ஆகலாம்; கோப்புகளைச் சுமந்து மேஜை மேஜையாக அலைகிறவருக்குச் சொந்தமாக ஒரு மேஜை கிடைக்கும். தனித்தேர்வராக எழுதினார். நாலு பாடம் தேறியது. சமூக அறிவியல் மட்டும் இரண்டு தடவை போயிற்று. “நாப்பது வயசுல மண்டையில இன்னாம்மா ஏறும்?” என்று கண்காணிப்பாளர் எல்லார் முன்னாலும் சிரித்தாராம். அதைச் சொல்லும்போது அண்ணி அழவில்லை. “ஏத்திக் காட்டறேன் தம்பி” என்றார்.

சிதம்பரம் பக்கம் குமராட்சியில், அப்போது நாங்கள் எல்லாரும் இருந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பாடம் படித்தவன் அசையக் கூடாது. பரீட்சை நெருங்கினால் ஓடக் கூடாது, சைக்கிள் மிதிக்கக் கூடாது. தளும்ப நிரப்பிய குடத்தைப் போல மண்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அப்படி வளர்ந்தவன்தான் நானும். அண்ணியையும் அப்படியே உட்கார வைத்தோம். அம்மா அவரை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. அன்பு என்று நினைத்துத்தான் செய்தோம். அவர் தோற்றதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்ற கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை.

மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது ஒரு காலை மினி பஸ் வரவில்லை. மண் வகைகளைப் படித்து முடித்த கையோடு அண்ணனின் சைக்கிளை எடுத்து, வேர்க்க விறுவிறுக்க மிதித்து ஆபீஸ் போனார். மறுநாள் பார்த்தால் அந்தப் பாடம் மட்டும் வரி வரியாக நிற்கிறது. வாரமெல்லாம் உருப்போட்ட மற்றப் பாடங்கள் பாதிக்குமேல் காணோம். தற்செயலாக இருக்கும் என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர். மறுபடி செய்து பார்த்தார்: படிப்பது, உடனே விறுவிறுவென்று ஒரு நடை, மறுநாள் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது. நின்றது. ஒருநாள் ஆர்வம் மீறி வாய்க்கால் கரையில் ஓடியே போய், தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அன்று படித்தது ஒன்றும் தங்கவில்லை. “மூச்சு வாங்கணும், ஆனா பாடஞ்சொல்ல வாய் வரணும். அதுக்கு மேல ஜாஸ்தி” என்று அளவும் அவரே கண்டுபிடித்தார். பிறகுதான் அந்த ஷூ வந்தது. புடவைக்கு ஷூவா என்று தெருவே சிரித்தது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அண்ணி ஷூவை வாசலிலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி காய வைத்தார்.

தேர்வன்று நான் பைக்கில் கூட்டிப் போனேன். அவர் அலுங்காமல் போய்ச் சேர வேண்டும் என்பது என் எண்ணம். சிதம்பரம் கோயிலின் மேல வீதி முனையில் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். அங்கேயே நின்று கடைசியாக அந்த மண் பாடத்தை ஒரு முறை படித்தார். “ஒரு மணி நேரம் இருக்கு. ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்.”

“வேணாம் அண்ணி, எல்லாம் மறந்துடும்!”

“மறந்தா என் பரீட்சதான போவுது? பொஸ்தகத்தப் புடி. கூட வந்து, தப்புன்னா சொல்லு.”

பைக்கை ஓரம் கட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். கோயிலைச் சுற்றிய அந்த நாலு வீதியில் ஒரு பெண் முணுமுணுத்தபடி வேகமாகச் சுற்றினால் எங்கள் ஊரில் வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள். வடக்கு வீதியில் ஒரு பூக்கார அம்மா கால்களைப் பார்த்துவிட்டு, “ஷூ போட்டுக்கினு சாமி சுத்தறியே, இன்னா வேண்டுதல்மா இது?” என்று சத்தம் போட்டார். அண்ணி நிற்கவே இல்லை. “சாமிய நாளைக்கி வெறுங்கால்ல சுத்தறேங்க்கா. இன்னிக்கி பாடத்த சுத்தறேன்!” எனக்கு அவமானமாக இருந்தது. புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு கீழ வீதி, தெற்கு வீதி என்று நடந்து முடித்தேன்.

அறுபத்தொரு மதிப்பெண். பதவி உயர்வு ஆணை வந்த அன்று அந்த ஷூவோடுதான் ஆபீஸுக்குள் போனார். கண்காணிப்பாளர் கீழே பார்த்தாராம். “மண்டையில ஏறுனது இதாலதான் சார்” என்று அண்ணி சொல்லிவிட்டுப் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்தார்.

அண்ணி போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கதையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரே ஒரு நடையில் ஞாபகம் தங்கிவிடுமா என்று கேட்கிறார்கள். எனக்கு இப்போது அறுபது. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறக்கிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. ஆனால் வண்டலில் நெல், கரிசலில் பருத்தி, செம்மண்ணில் கேழ்வரகு, சரளை மண்ணில் தேயிலை. எந்த நேரம் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று பரீட்சை எனக்கில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறைத்துக்கொண்டு, அவர் பின்னால் ஒரே ஒரு சுற்று நடந்தேன், அவ்வளவுதான். ஷூ அந்த அடித்தட்டிலேயே இருக்கும்.