குடப் பந்தயத்தில் நான் ஜெயித்த விதம்

ரப்பர் விலை அடியோடு விழுந்து தோட்டங்கள் திண்டாடத் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டை ஒட்டி நடந்தது இது. கஹவத்தைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நாங்கள் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். விடிந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவேன். திரும்பி வந்து வீட்டுக்குத் தண்ணீர் தூக்குவேன். வெட்டு வேலை எனக்கு நன்றாக வரும். தண்ணீர் தூக்குவதுதான் வராது.

வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தண்ணீர் கீழே பள்ளத்தில் ஊற்று நீர் கொட்டும் பீலியிலிருந்துதான் வர வேண்டும். குடத்தை நிரப்பித் தலையில் சும்மாட்டின் மேல் வைத்து எழுபது எண்பது படி ஏற வேண்டும். நான் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்துத்தான் ஏறுவேன். அப்படியும் மூன்று மண்குடங்களை உடைத்துவிட்டேன். மாமியார் என் பெயரையே மறந்துவிட்டு, "கொடம் ஒடச்சவளே" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். லயத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அதைப் பிடித்துக்கொண்டன.

எங்கள் அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா குடியிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நான் புது இடத்துக்கு வந்து காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான். அவள் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு படியேறுவாள். தலைக்குடத்தை எந்தக் கையும் தொடாது. பேசுவாள், சிரிப்பாள், பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்ப்பாள், வழியில் முருங்கைக் கீரையை எட்டி ஒடிப்பாள். குடம் அசையாது. பீலிப் பக்கம் வரும் கிராமத்துச் சிங்களப் பெண்கள் நின்று பார்த்து "ஹரி லஸ்ஸனய்" என்பார்கள். எனக்கும் அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாமியார் தினமும் வாசலில் நின்று, "அவளும் பொம்பளதான்" என்று என்னிடம் சொல்லச் சொல்ல, அந்த அழகு எனக்குக் கசக்கத் தொடங்கியது.

அந்தத் தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி வைப்பதாகப் புதிதாக வந்த துரை சொல்லியிருந்தார். ஆண்களுக்குக் கயிறிழுப்பு, ஓட்டம். பெண்களுக்குக் குடப் பந்தயம். நிறைகுடத்தைத் தலையில் வைத்து ரப்பர் ஸ்டோர் வாசலிலிருந்து எதிரே உள்ள பலாமரம் வரை போக வேண்டும். கையால் தொட்டால் தோல்வி. முதலில் போய்ச் சேருகிறவளுக்குத் துரைசாணி கையால் ஒரு பித்தளைக் குடம். அக்காதான் ஜெயிப்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மாமியாரோடு வீம்புக்கு நானும் பெயர் கொடுத்தேன்.

பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் இருவரும் பீலியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். கற்றுக்கொள்ளும் ஆசையில், உண்மையாகவே கற்றுக்கொள்ளும் ஆசையில்தான், கேட்டேன்.

"அக்கா, கால எடுத்து வைக்கிறப்ப மூச்ச இழுப்பீங்களா, விடுவீங்களா?"

அக்கா சிரித்தாள். "அத யாரு பாத்தா புள்ள? அது பாட்டுக்கு வருது."

சொல்லிவிட்டு நாலைந்து படி ஏறினாள். பிறகு நின்றாள். "இரு, பாக்குறேன்" என்று மறுபடி ஒரு படி வைத்தாள். தலைக்குடம் தளும்பி அவள் தோளில் தண்ணீர் கொட்டியது. அவள் கை சட்டென்று குடத்துக்குப் போனது. அவள் குடத்தைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நல்லவளாக இருந்தால் நான் அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். அன்று இரவு முழுக்க அந்தக் கை மேலே போனதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வேண்டுமென்றே சொன்னேன்.

"அக்கா, ஒங்க கழுத்து கொஞ்சம் எடது பக்கம் சாயுதுங்க. இத்தன நாளு நான் கவனிக்கல. பந்தயத்துல நெறகொடம், பாத்து நடங்க."

அவள் கழுத்து எந்தப் பக்கமும் சாயவில்லை. அது பச்சைப் பொய். அக்கா அதை நம்பினாள். "அப்படியா? நல்லவேள சொன்ன" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மூன்று நாளும் என்னைப் பின்னால் வரச் சொல்லி, "இப்ப நேரா இருக்கா, இப்ப?" என்று கேட்டபடி நடந்தாள். நானும் "கொஞ்சம் வலது பக்கம்", "இல்ல, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பந்தய நாளன்று எட்டுப் பேர் வரிசையில் நின்றோம். எனக்கு அடுத்து அக்கா. ஆரம்பத்தில் இருந்தே அவள் நடை அவளுடைய நடையாக இல்லை. உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டு நடந்தாளோ என்னவோ. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. நான் அவளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். இப்போது விழும், இப்போது விழும் என்று என் மனசு முழுக்க அவள் குடத்தில் இருந்தது. என் தலையில் ஒரு குடம் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

பாதி தூரத்தில் அவள் குடம் இடது பக்கமாகச் சரிந்து உடைந்தது. கூட்டம் ஓவென்று சிரித்தது. அதில் அவள் புருஷன் சிரிப்பும் இருந்தது. "இந்த நடைக்கா இத்தன பேரு?" என்று அவர் சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அக்கா நனைந்த சேலையோடு, நடுவழியில், தன் தலையில் இரண்டு கையையும் வைத்தபடி நின்றாள்.

நான்தான் முதலில் பலாமரத்தைத் தொட்டேன். கையை வீசி நடந்திருக்கிறேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. எட்டு மாதமாக எனக்கு வராதது, என்னைப் பற்றி நினைக்காமல் இருந்த அந்த ஒரு நிமிடத்தில் வந்திருந்தது. குடத்தைச் சுமக்க என் உடம்புக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நான்தான் அதை நம்பவில்லை. அக்காவின் உடம்புக்கும் தெரியும். அவள் அதன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை நான் பிடுங்கிவிட்டேன்.

மாமியார் அன்று முதல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்காகத்தானே இத்தனையும் என்று நினைத்தபோது அந்தப் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து மூலையில் வைத்தேன்.

ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியாகவில்லை. அக்கா ஒரு கையால் தலைக்குடத்தைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள். அதனால் இடுப்புக் குடம் நின்றுபோனது. ஒரு நடையில் முடிந்த வேலைக்கு இரண்டு நடை. படியில் பேச்சும் நின்றது. யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "இருங்க, மேல வந்து பேசுறேன்" என்பாள். பலமுறை சொல்லிவிட நினைத்தேன். அக்கா, ஒங்க கழுத்து நேராத்தான் இருந்துச்சு, நான் சொன்னது பொய். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

அடுத்த வருடம் ரப்பர் விலை விழுந்தது. பாதி மலையில் வெட்டு நின்றது. ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அக்கா குடும்பத்தின் பெயரும் வந்தது. அவர்கள் புறப்பட்ட காலையில் அவளுடைய மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கஹவத்தை ரயில் நிலையம் வரை போனேன். வழி முழுக்க அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே நடந்தேன்.

ரயில் வரும் சத்தம் கேட்டபோது அக்காவே பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பந்தயத்துக்கு நீ எம்புட்டுச் சொல்லிக் கொடுத்த புள்ள. கூடப் பொறந்தவகூட அப்படிச் சொல்ல மாட்டா. எனக்குத்தான் புத்தியில ஏறல."

நான் மூட்டையை அவள் கையில் கொடுத்தேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் அவள் கையோடு கொண்டுபோகிற ஒரே அன்பையும் பிடுங்கிக்கொள்வதாக ஆகும் என்று தோன்றியது. அது அவளுக்காக யோசித்ததா, எனக்காக யோசித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரயில் நகர்ந்தது. அவள் போன ஊரின் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டு வைக்கவில்லை.

பிறகு எத்தனையோ பேர் ஓடுவதையும், ஆடுவதையும், மரமேறுவதையும் பார்த்திருக்கிறேன். நன்றாகச் செய்துகொண்டிருப்பவர்களிடம் எப்படிச் செய்கிறாய் என்று நான் கேட்பதே இல்லை. ஒரு வார்த்தை போதும் ஒருத்தியின் உடம்பை அவளுக்கே அந்நியமாக்க என்பதும், அதைத் திருப்பி எடுக்க இன்னொரு வார்த்தை போதுமாக இருந்தும் நான் அதைச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.