காற்றில்லாத மண்டபம்

எங்கள் வீட்டில் வேல்ஸ் என்ற பெயர் அடிபடத் தொடங்கியபோது, அது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் தேடினேன், அகப்படவில்லை. இங்கிலாந்தின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற நாடு என்று அப்பா சொன்னார். அங்கே பட்மின்ரன் ஆடப் போகும் இலங்கை அணிக்கு ஆள் தெரிவு செய்கிறார்கள், கொழும்புக்கு வா என்று சித்திக்கு அழைப்பு வந்திருந்தது. சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். திருகோணமலையில் அவரை வெல்ல அப்போது ஆளில்லை.

மாதா கோயில் மண்டபத்தில்தான் சித்தி ஆடிப் பழகியவர். அந்த வருடம் சண்டைக்குத் தப்பி, கட்டைபறிச்சான் பக்கத்துச் சனம் வள்ளங்களில் குடாவைக் கடந்து வந்து மண்டபத்தில் தங்கிவிட்டது. தரையில் ஆட்டத்துக்குக் கீறியிருந்த வெள்ளைக் கோடுகளையே எல்லையாக வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். கோட்டைத் தாண்டிக் கால் நீட்டினால் அதற்கும் ஒரு சண்டை. பின்னேரங்களில் கொஞ்ச நேரம் எல்லாரையும் வெளியில் இருக்கச் சொல்கிறேன், நீ வந்து ஆடு என்றார் கோயில் சுவாமியார். நானும் கூட நின்றேன். நடுவில், வலை கட்டுகிற இடத்தில், ஒருத்தி பச்சைப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் சுவாமி. நான் வீட்டு வளவுக்குள்ள அடிச்சுப் பழகுறன்," என்றார் சித்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேடி வந்து தருவதை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு கொழுப்பு!

வளவிலோ கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. தென்னைக்கும் முருங்கைக்கும் நடுவில் பழைய மீன்வலையைக் கட்டினோம். முதல் நாளே இறகு வைத்த சட்டில் பக்கத்து வளவுக்குப் போய்விட்டது. சித்தி அதன் தக்கையில் மெழுகுதிரியை உருக்கி விட்டுப் பாரமாக்கினார். அதற்கும் காற்று அடங்காததால், காற்று வருகிற பக்கமாக ஒரு முழம் தள்ளி அடிக்கப் பழகினார். வலைக்கு அப்பால் நான் வாயகன்ற அலுமினியச் சருவம் ஒன்றை வைப்பேன். எங்கேயோ தொலையப் போவதுபோல எழும்பும் சட்டில், காற்றில் வளைந்து வந்து சருவத்துக்குள் டங்கென்று விழும். நான் எடுத்து எறிவேன், அவர் திரும்ப அடிப்பார்.

எங்கள் ஒழுங்கையில் அப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. என் சிநேகிதிகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். பகல் முழுக்க எனக்குக் கதைக்க ஆளில்லை. அந்த டங் சத்தத்துக்காகத்தான் பின்னேரம் வரும்வரை காத்துக் கிடப்பேன்.

அப்பாதான் சித்தியைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்ததும் சித்தி நேரே குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா தாழ்ந்த குரலில் அம்மாவுக்குச் சொன்னார். அங்கே யன்னல் கதவெல்லாம் பூட்டிவிட்டுத்தான் ஆட விடுவார்களாம். சித்தி அடித்ததெல்லாம் ஒரே பக்கமாக, ஒரு முழம் தள்ளி, கோட்டுக்கு வெளியே போய் விழுந்ததாம். எவ்வளவு முயன்றும் கை சொல்வழி கேட்கவில்லையாம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

நான் குசினிக்குள் போனேன். சித்தி தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"அங்க காத்தே இல்லையடி பிள்ளை," என்றார்.

"காத்தில்லாட்டி ஆடச் சுகமெல்லோ, சித்தி?"

கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம். சுகம்தான்," என்றார்.

பிறகு தான் ஆடுகிற றக்கற்றை உறையோடு என் கையில் தந்தார். "இனி நீ வச்சிரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கே எனக்கென்று ஒரு றக்கற்! அதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன். காட்ட வேறு யார் இருந்தார்கள்? அன்றைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்காரி தடவிப் பார்த்துவிட்டு, வடிவாயிருக்கு என்றாள். அவளுடைய பிள்ளை கோட்டின்மேல் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் சருவத்தை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். சித்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் சுவரோடு அடித்தேன். காற்று சட்டிலைக் கொண்டுபோனது, நானே போய் எடுத்து வந்தேன். கச்சான் அடங்கி மாரி மழை தொடங்கும்வரை சருவம் அதே இடத்தில் இருந்தது. கொழும்புக்குப் போய்வந்த களைப்பு ஆறினதும் சித்தி வருவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.