எலுமிச்சம்பழத்துக்கு ரொட்டி

தீ செலஸ்தினோ ரொட்டி வண்டியை விற்றுவிட்டு லக்சம்பர்க்கில் மகளோடு இருக்கப் போகிறாராம் என்று எனக்குச் சொன்னவள் தபால்காரி லூர்தேஸ். அவளுக்குச் சொன்னது மருந்துக்கடைப் பெண். மருந்துக்கடைப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? ஊரே சொல்லுது" என்றாள்.

'தீ' என்றால் போர்ச்சுகலில் இந்த அலென்டேஜோ பக்கம் மாமா. ஊரில் மூத்த ஆண்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் தெருவில் யாரோ "தீ! தீ!" என்று கத்த, நான் வாளியோடு வெளியே ஓடியிருக்கிறேன்.

செலஸ்தினோ வீட்டின் பின்பகுதியில்தான் நான் குடியிருக்கிறேன். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் முகவரியும் அதுதான். அட்டை வருவதற்குள் முகவரி போய்விட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். அதைவிட, அவர் இல்லாத அந்த வீட்டை யோசிக்கப் பிடிக்கவில்லை.

பதினேழு வயதில் ஊரை விட்டுப் போனவர் அவர். பட்டாளத்துக்குப் பிடித்து ஆப்பிரிக்கச் சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, திருட்டுத்தனமாக இரண்டு எல்லைகளைத் தாண்டிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். சேற்றில் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு அடுக்குமாடி வீடுகள் கட்டினார். திரும்பி வந்தபோது கூட வந்தவை ஒரு வெள்ளை வண்டியும், பூண்டு வெட்டும்போது பிரெஞ்சில் திட்டும் பழக்கமும். அன்று முதல் டவுன் அடுப்பிலிருந்து மலையடிக் குடியிருப்புகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறார்.

இங்கே ராத்திரி கதவுப் பிடியில் ஒரு துணிப்பையை மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். விடிந்தால் அதில் ரொட்டி இருக்கும். பையின் பூவேலையைப் பார்த்தே யார் வீடு, எத்தனை ரொட்டி என்று செலஸ்தினோவுக்குத் தெரியும். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால் பை தொங்காது. அவர் மனைவி இதலீனா இருந்தவரை, வண்டி திரும்பியதும் "இன்னிக்கு எந்தப் பை இல்ல?" என்றுதான் கேட்பாளாம்.

இளசுகள் சுவிட்சர்லாந்துக்கும் லக்சம்பர்க்குக்கும் போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்தவர்கள் அயலார். பிளாஸ்டிக் கொட்டகைகளில் ராஸ்பெரி பறிக்க நேபாளத்திலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மூடவிருந்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது ஆசிரியை வந்தாள். அவள் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. மருத்துவமனையில் வரிசை நீண்டது. காபிக் கடையில் பேச்சும் நீண்டது.

அந்தக் காபிக் கடையில்தான் அமதேவு ஆரம்பித்தார். செலஸ்தினோவோடு ஒன்றாக எல்லை தாண்டிய கூட்டாளி.

"ஒரே வீட்ல பதினாலு பேருடா! கட்டில் மேல கட்டில் போட்டுப் படுக்குறானுங்க."

"நமக்குக் கட்டிலே இல்லியே," என்றார் செலஸ்தினோ. "என் மூஞ்சிக்கு நேரா உன் காலு. எனக்கு மூக்கு செத்ததே அங்கதான்."

கடையே சிரித்தது. அமதேவு விடவில்லை. "நாம வேலைக்குப் போனோம்யா."

"இவங்க என்ன கடல்ல குளிக்கவா வந்திருக்காங்க?"

"அது சரி. என் பேத்திக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷமாச்சு. இந்த ஊர்ல அவளுக்கு வாடகைக்கு ஒரு வீடு சொல்லு பாப்போம். பதினாலு பேருக்குச் சேத்துப் பழக் கொட்டகைக்காரன் குடுக்குற வாடகைய அவ எங்கேர்ந்து குடுப்பா?"

செலஸ்தினோ காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நீதான் போகப் போறியாமே," என்றார் அமதேவு, குரலைத் தணித்து. "உன் வீட்டயாவது அவளுக்குக் குடுத்துட்டுப் போ."

இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் காபிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை காலை வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். மாதம் ஒருமுறையாவது அப்படிப் போவதுண்டு. ரொட்டி வாசனையில் தைரியம் வந்து கேட்டேன்.

"தீ, போறீங்களா?"

"மக கிராசா கேட்டுக்கிட்டே இருக்கா. இன்னிக்குப் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். கூப்பிடுவா." வளைவில் வண்டியைத் திருப்பினார். "பை கொறஞ்சுக்கிட்டே வருது பொண்ணே. பை இல்லாத கதவு முன்னாடி வண்டிய நிறுத்தி நான் என்ன செய்ய?"

"புதுசா வந்தவங்க வீடு இருக்கே?"

"அவங்க மாவு பெசஞ்சு அவங்களே சுட்டுக்குறாங்க. ஒரே ஒரு வீடு மட்டும் வாங்குது. ரொம்ப மரியாதைப்பட்டவங்க. பாவம், துணிப்பை இல்ல போல. அந்தக் காலத்துல கைல காசில்லாதவங்க எனக்கு முட்டை வெப்பாங்க, அத்திப்பழம் வெப்பாங்க. அதே மாதிரி இவங்க சனிக்கிழமையானா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்க விடுறாங்க. நான் எடுத்துக்கிட்டு ரெண்டு ரொட்டி வெச்சுட்டு வருவேன்."

எனக்கு எங்கோ உதைத்தது. கேட்பதற்குள் வண்டி நின்றது. ஹரியானாக்காரர்கள் வீட்டு நிலையில் கறுப்புக் கயிற்றில் ஓர் எலுமிச்சம்பழம், கீழே வரிசையாகப் பச்சை மிளகாய். செலஸ்தினோ எட்டிப் பிடித்து, பழக்கப்பட்ட கையால் படக்கென்று அறுத்தார்.

"ஐயோ தீ! அது உங்களுக்கு இல்ல! கண்ணு படாம இருக்கக் கட்டுறது!"

கண் திருஷ்டியை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் வண்டிக் கண்ணாடியிலேயே இதலீனா கட்டிய பூண்டு தொங்குகிறது. கையிலிருந்ததைப் பாம்பைப் போலப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நான் இத அசோர்டாவுல பிழிஞ்சு தின்னேனே."

பூண்டும் கொத்தமல்லியும் இடித்து, ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்துச் செய்யும் கஞ்சி அது. அவருடைய ராத்திரிச் சாப்பாடே அதுதான்.

"எத்தன சனிக்கிழமை! பதினாலு பேரு மேல பட்ட கண்ணையும் நான் ஒருத்தனே தின்னிருக்கேன்!"

சத்தம் கேட்டுச் சுனில் என்ற இளைஞன் துண்டோடு வெளியே வந்தான். போர்ச்சுக்கீஸ் அவனுக்கு முட்டி மோதித்தான் வரும். செலஸ்தினோ தொப்பியைக் கழற்றினார். "தம்பி, மன்னிச்சுக்கப்பா. எனக்குத் தெரியாது."

"எதுக்கு மன்னிப்பு தீ? இங்க வழக்கம் இதுதானே?"

"எது?"

"வாரம் ஆனா நாங்க பழசு தூக்கிப் போடணும். இங்க ஊரு வந்து எடுக்குது. எடுத்துட்டு ரொட்டி குடுக்குது. நல்ல ஊரு! எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எல்லார்கிட்டயுமா?"

சுனில் சந்தின் சரிவைக் காட்டினான். நேபாளத்தார் வீட்டு வாசலில் ஓர் எலுமிச்சை. எதிர் வீட்டில் ஒன்று. அதற்குக் கீழே, வங்கதேசத்து வீட்டில் எலுமிச்சை கிடைக்கவில்லை போலிருக்கிறது, வலைப்பையில் ஓர் ஆரஞ்சு. அங்கே குடியிருந்த பால்காரர் குடும்பம் ஊரை விட்டுப் போனபின் அந்தச் சரிவில் எதுவும் தொங்கி நான் பார்த்ததில்லை.

செலஸ்தினோ படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பின்கதவைத் திறந்து ரொட்டிகளைப் பார்த்தார். போதாது. பாதிப் பாதியாக அறுக்க ஆரம்பித்தார்.

"எலுமிச்சையெல்லாம் உங்க சாமிக்கே இருக்கட்டும்பா. நாளையிலேர்ந்து பை மாட்டுங்க, துணிப்பை. எத்தன வேணுமோ அதுக்கு ராத்திரியே பைக்குள்ள சில்லறைய போட்டு வெச்சுடணும், தெரிஞ்சுதா? எலுமிச்சைய மேல கட்டுங்க, பைய கீழ கட்டுங்க. எலுமிச்சை எனக்கு எட்டாத ஒசரத்துல இருக்கட்டும்."

"தீ, போன் அடிக்குது," என்றான் சுனில்.

முன் இருக்கையில் கிடந்ததை நான் எடுத்தேன். கிராசா என்று மின்னியது.

"நான் எடுக்கட்டுமா தீ? அப்புறம் கூப்பிடுறாருன்னு சொல்லவா?"

"என்னன்னு சொல்லுவ? அப்பன் சந்துக்கு ரொட்டி போதலன்னு நிக்கிறான்னா?"

கக்கத்தில் ரொட்டியை இடுக்கிக்கொண்டு அவர் நேபாளத்தார் வீட்டுப் பக்கம் இறங்கினார். அங்கே கதவைத் தட்டி, எத்தனை பேர், நாளைக்கு எத்தனை ரொட்டி வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என் கையில் போன் நின்று, மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.