மிதிக்காமல் வந்த தூரம்

நான் எடுத்த ஒரே படம் இருபத்து மூன்று நிமிஷம் ஓடும். பிரேக் இல்லாத சைக்கிளில் ஊர் சுற்றிய ஒன்பது பேரைப் பற்றியது. ஏன் இரண்டாவது படம் எடுக்கவில்லை என்று கேட்கிறவர்களிடம் நேரமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்.

அப்போது எனக்கு சிறுசேரியில் வேலை. கம்பெனிகளில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம். என்னைக் குறைக்கவில்லை, ஆனால் செய்வதற்கு வேலையும் கொடுக்கவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து கம்பெனி வண்டியில் போய், நாள் முழுக்க நாற்காலியைத் தேய்த்துவிட்டு, அதே வண்டியில் திரும்பி வருவேன். பக்கத்து இருக்கை நண்பன் ஒருநாள், "மச்சான், ஞாயித்துக்கெழம பூஞ்சேரிக்கு வா. பிரேக்கே இல்லாத சைக்கிள் காட்றேன்" என்றான். போனஸில் வாங்கிய சின்ன டேப் கேமரா பீரோவில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

சென்னையிலிருந்து ஏழு பேர் விடியும் நேரத்தில் கிளம்பி, கடலோரச் சாலையில் மிதித்துக்கொண்டு வருவார்கள். பூஞ்சேரி கூட்டுரோடு டீக்கடையில் என் நண்பனும், அணுபுரத்திலிருந்து வருகிற ஒரு பெண்ணும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

அந்த சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாதாரண சைக்கிளில் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். பின்சக்கரத்தில் இருக்கிற ஃப்ரீவீல் அதற்கு இடம் கொடுக்கிறது. ஃபிக்ஸட் கியர் என்கிற இந்த சைக்கிளில் அது கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், காலும் கூடவே சுற்றியாக வேண்டும். வேகத்தைக் குறைக்க காலாலேயே பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்று தனிப் பாகம் விற்கிறார்களாம். இங்கே செங்கல்பட்டில் ஒரு சைக்கிள் கடைக்காரர் ஃப்ரீவீலுக்குள் வெல்டிங் வைத்து அடைத்துக் கொடுத்தார். அவரையும் படத்துக்காகப் பேசவைத்தேன்.

"மிதிக்காம சும்மா குந்திகினு இருந்தாலும் வண்டி தானா போவுது. அது ஓசி. அந்த ஓசிய இன்னாத்துக்கு அண்ணாத்த அடைக்கச் சொல்றாங்கோ? படிச்ச புள்ளைங்க வேற" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் ஓசி என்பது கெட்ட வார்த்தையாகிவிட்டது. சாதாரண சைக்கிள் ஓட்டுகிறவன் ஓசிக்காரன். அதாவது நான். பைக்கில் உட்கார்ந்து எடுத்தால் இன்ஜின் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அதனால் என் பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரில் கேமராவைக் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஓட்டிப் போனேன். அணுபுரத்துப் பெண் என்னை "ஓசி சார்" என்றே கூப்பிட்டாள். ஆறு மாதம், ஒரு ஞாயிறு தவறவில்லை.

ஒன்பது பேரைப் பற்றிய படம் என்று சொன்னேன். அன்று யாராவது டேப்புகளைப் போட்டுப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். முக்கால்வாசி அவள்தான். அவள் அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் வேலை. அவள் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து, விசாவுக்குக் காத்திருந்தாள். ஆகஸ்டில் கிளம்புகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். கேள்வி கேட்டால், ஓட்டிக்கொண்டே தலையை மட்டும் திருப்பி கேமராவைப் பார்த்துப் பதில் சொல்வாள். சொல்லி முடித்ததும் ஒரு கணம் கேமராவுக்குச் சற்று மேலே பார்ப்பாள். அங்கே நான் இருந்தேன். அந்த ஒரு கணத்துக்காகத்தான் வாரம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இன்று இதை இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறது. அன்று நா எழவில்லை. படம் முடிவதற்குள் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அதனாலேயே படத்தை முடிக்காமல் இழுத்தேன்.

நண்பனுக்குப் புரிந்துவிட்டது. "படம் எடுக்கிறியா, மெகா சீரியல் எடுக்கிறியா? சொல்லித் தொலடா. அது ஃபிளைட் ஏறினப்புறம் யார்கிட்ட சொல்லிகினு இருப்ப?" என்றான்.

ஜூலைக் கடைசியில் அவளே கேட்டாள். "கிளம்புறதுக்குள்ள படத்த ஒரு தடவ காட்டிடுங்களேன்."

ஒரு வாரம் லீவு போட்டு வெட்டி ஒட்டி முடித்தேன். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு உட்கார்ந்தோம். லேப்டாப்பைத் திறந்துவைத்து ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சைக்கிள் கடைக்காரர் வந்தபோது சிரித்தாள். பாதிக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது. ஓர் இடத்தைப் பின்னால் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நடுவுல நடுவுல டிக்டிக்னு ஒரு சத்தம் வருதே, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. மிதிப்பதை நிறுத்தும்போது ஃப்ரீவீல் போடுகிற சத்தம் அது. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்த காதுக்கு அது ஒரு சத்தமே இல்லை. அவர்கள் வண்டியில் அது வரவே வராது என்பதால் அவளுக்கு பளிச்சென்று கேட்டிருக்கிறது.

"உங்க வண்டிதான்" என்றாள். "மத்தவங்க பேசுறப்ப வரல. அப்பல்லாம் மிதிச்சுட்டே வர்றீங்க." கொஞ்சம் தயங்கினாள். "நான் திரும்புறப்ப மட்டும் மிதிக்கிறத நிறுத்திடுறீங்க. ஒவ்வொரு தடவையும்."

சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். குறுக்கே கேமரா இல்லை. ஆறு மாதமாக என்னால் சொல்ல முடியாததை என் சைக்கிள் சொல்லித் தீர்த்திருக்கிறது, அதை அவள் கேட்டும்விட்டாள். "ஆமாம்" என்றால் போதும். அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள் என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. நானோ கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் போல லேப்டாப்பை அவசரமாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அது ஒண்ணுமில்லீங்க. எடிட்ல எடுத்துடலாம்" என்றேன்.

"எடுத்துட முடியுமா?"

"ஈஸிதாங்க."

அவள் ஹெட்போன் வயரைச் சுற்றி என் பக்கம் நகர்த்தினாள். "சரி, எடுத்துடுங்க" என்று பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அணுபுரம் பக்கம் போனாள். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் விமானம் ஏறிவிட்டாள்.

பதினைந்து வருஷத்துக்கும் மேல் ஆகிறது. அவளைப் பார்க்க வேண்டும் என்று இன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அன்று எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை, ஆனால் வேலை மட்டும் சுத்தமாகச் செய்யத் தெரிந்திருந்தது. அந்த வாரமே உட்கார்ந்து, அந்தச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி எடுத்தேன். எடுத்த இடத்தில் காற்றுச் சத்தத்தை வைத்து ஒட்டினேன். மூல டேப்புகளின் மேல் அடுத்த வருஷம் என் அக்கா கல்யாணத்தைப் பதிவு செய்தாகிவிட்டது. இப்போது இருப்பது அந்த இருபத்து மூன்று நிமிஷம் மட்டும்தான். அதில் அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் யாரும் வருவதாகவே தெரியவில்லை.