புகுந்த வீடு, ஞாயிறு மட்டும்

புகுந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்காத ஒருத்தி, தன் சாப்பாட்டுக் கடைக்குப் 'புகுந்த வீடு' என்று பெயர் வைத்தாள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். டிக்கெட் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சினிமா தியேட்டர் கவுன்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாக நீளும் கைகளைத்தான் அவளுக்குத் தெரியும். மாடியில் படம் ஓட்டிய ஆபரேட்டரின் கையும் ஒரு நாள் டீ கிளாஸோடு அப்படித்தான் உள்ளே வந்தது. காதல் கல்யாணம். பிள்ளை குட்டி இல்லை. அவர் வீட்டில் அன்றைக்கே தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது துக்கம் கேட்கக்கூட அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

டிக்கெட்டைப் போனிலேயே எடுக்கிற காலம் வந்து, கவுன்டரையும் மூடினார்கள். அதன் பிறகு அவளிடம் மிஞ்சியது சமையல் ஒன்றுதான். அதுவும் அவர் வீட்டுச் சமையல்.

அது அவளுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஆபரேட்டர் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா வைக்கிறது…" அதோடு கண்ணை மூடிக்கொண்டார். அந்த 'ஆனா'வைத் துரத்திக்கொண்டேதான் அவள் குடும்பம் நடத்தினாள். புளிப்பைக் குறை என்பார். மிளகைக் கொஞ்சம் வறுத்துப் போடேன் என்பார். காரம் நாக்கில் படக்கூடாது, தொண்டையில் தெரியணும் என்பார். மாமியாரிடம் கேட்டால் ஒரு நாளில் முடிகிற காரியம், கேட்கத்தான் வழியில்லை. கடைசிக் காலத்தில் "கிட்ட வந்துட்டே" என்றார். 'அதேதான்' என்ற ஒரு வார்த்தை மட்டும் அந்த மனுஷன் வாயிலிருந்து வரவே இல்லை.

கடைக்கு இடம் கொடுத்தவர் ஜெராக்ஸ்காரர். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை சும்மாதான் கிடக்கும். "மெஷின் மேல மட்டும் குழம்பை ஊத்திடாதீங்க" என்று சாவியைக் கொடுத்தார். பார்சல் டப்பாவுக்கு லேபிளும் கடைக்குப் போர்டும் செய்து கொடுத்தவள், போஸ்டர் டிசைன் செய்து பிழைக்கும் மாடி வீட்டுப் பெண்.

"அக்கா, இப்பல்லாம் சாப்பாட்டை விடக் கதைதான் விக்குது. பாரம்பரியம்னு ஏதாவது இருக்கணும். உங்க மாமியார் போட்டோ இருக்கா?"

"நானே பாத்ததில்ல."

"சரி, பேராவது வைப்போம். 'மாமியார் வீடு'?"

"போலீஸ் ஸ்டேஷன்னு நினைச்சு ஒருத்தனும் வரமாட்டான்."

கடைசியில் 'புகுந்த வீடு' அவள் வாயிலிருந்தே வந்தது. மாடிப் பெண் காகிதத்தில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு, அந்தச் செம்பழுப்பு நிறத்தையே லேபிளுக்கு எடுத்தாள். கீழே 'மூன்று தலைமுறை ருசி' என்று போட்டாள்.

"மூணு தலைமுறை எங்கேர்ந்து வந்துச்சு?"

"லேபிள்ல இடம் இருந்துச்சுக்கா."

அதற்கும் கீழே, அவர் பிறந்து வளர்ந்த தெருவின் பெயரையும் போடச் சொல்லி அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். எதற்கென்று மாடிப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அக்காவின் கணக்கு வேறு. அந்த வீட்டு ஆள் யாராவது ஒருவர் கண்ணில் அது பட வேண்டும். வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். 'இது நம்ம வீட்டு ருசி' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அவள் மருமகள் ஆகிவிடுவாள். வியாபாரமெல்லாம் அப்புறம்தான்.

வியாபாரம் என்னவோ சூடு பிடித்தது. ஜெராக்ஸ் மெஷினுக்குப் போர்வை போர்த்தி, கவுன்டரில் பாத்திரங்களை வரிசையாக வைத்தாள். ஜோடி ஜோடியாக வந்தார்கள். "உங்க குடும்பம் ரொம்பப் பெருசோ?" என்று கேட்டார்கள். "ஆமா" என்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தட்டுகூட எடுக்காமல் சட்டியிலேயே மீதிச் சோற்றைப் பிசைந்து நின்றபடி தின்பாள். ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டும் தண்ணியும் என்று நினைப்பு.

ஒரு ஞாயிறு, கூட்டம் கலைந்த நேரத்தில் ஒரு வயதான அம்மாள் வந்தாள். மூக்கைப் பார்த்ததுமே அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அச்சு அசல் ஆபரேட்டரின் மூக்கு.

"எங்க தெருப் பேரு போட்டிருக்குன்னு என் மக போன்ல காட்டினா. யாருன்னு விசாரிச்சேன். நான் உன் புருஷனோட அக்கா."

நாத்தனார்! அக்கா தட்டைத் துடைத்துப் பரிமாறினாள். வந்தவள் முள்ளைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். விரலைக்கூட நக்கினாள். அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எங்க வீட்டு ருசி இல்லியே."

அக்காவின் முகம் செத்துவிட்டது. "அவர்தான் சொல்லிச் சொல்லி… அத்தை வைக்கிற மாதிரியே…"

"அம்மாவா?" நாத்தனார் சிரிக்க ஆரம்பித்து, இருமலில் முடித்தாள். "அம்மாவுக்குச் சமைக்கவே வராதும்மா. மீன் ஒரு நாள் வேகாது, ஒரு நாள் கரைஞ்சு போயிடும். தம்பி தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிடுவான். உன்கிட்ட எப்படிச் சொல்வான்? எங்க குடும்பத்தை விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடுமே."

கையைக் கழுவிக்கொண்டு, போர்டை அண்ணாந்து பார்த்தாள். "மாத்திடாதே. அம்மா பேரு நல்லாவே இருந்துட்டுப் போகட்டும்." பணத்தை வைத்தாள்; அக்கா தடுத்தும் கேட்கவில்லை. வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

அக்காவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இல்லாத ருசிக்கு ஒரு பொம்பளையை ஆயுசு பூராவும் அடுப்படியில் ஓட விட்ட மனுஷனை என்ன செய்தால் தகும்? அவருக்கும் அந்தக் குழம்பு எப்படி இருக்க வேண்டுமென்று தெரியாது. ரெண்டு பேருமாகச் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தது அது. அந்த ரெண்டு வாயில் ஒன்று இப்போது இல்லை.

பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் மனசுக்குள் வார்த்தைகளைக் கூர் தீட்டிக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷத்தில் இப்படியொரு சண்டைக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. இன்றைக்கு அவர் வாயே திறக்க முடியாது. பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனாள்.

"ஏங்க! உங்கம்மாவுக்குச் சமைக்கவே தெரியாதாமே!"

குரல் கூடத்தைத் தாண்டி அடுப்படிவரை போனது. அக்கா பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.